ஆவணம் யாருடைய கையில் இருந்தது? அயோத்திதாசப் பண்டிதரும் அறிவின் வரலாறும்

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 90ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. முப்பது ஆண்டு பழமையுள்ள ஓர் ஆவணம், அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து, வைத்திருக்க வேண்டியவரால் கொண்டுவரப்படுமானால், அதிலுள்ள கையெழுத்தும் எழுத்தும் உண்மையானவை என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பழைய சட்டத்தின் இடத்தில் இன்று புதிய சட்டம் வந்துவிட்டாலும் இவ்விதி மாறவில்லை. சட்டக் கல்லூரியில் இதைப் படிக்கும் மாணவருக்கு இது வெறும் நடைமுறை விதியாகவே தோன்றும். ஆனால் இவ்விதி ஒரு பெரிய கேள்வியைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஆவணம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்பாகவே, அது யாருடைய பாதுகாப்பில் இருந்தது என்று சட்டம் கேட்கிறது. வீடே இல்லாதவரிடம் பெட்டி ஏது? பெட்டி இல்லாதவரிடம் பத்திரம் ஏது?

நிலத்துக்கு மட்டுமன்று, அறிவுக்கும் இக்கேள்வி பொருந்தும். இன்று நாம் தமிழ் வரலாறு, தமிழ் இலக்கியம், தமிழ் மருத்துவம், தமிழர் சமயம் என்று கற்பவை வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. எந்தச் சுவடி எவர் வீட்டில் தங்கியது, எது அச்சேறியது, அதை அச்சேற்றும் பொருள்வசதி எவருக்கு வாய்த்தது, பாடத்திட்டக் குழுவில் எவர் அமர்ந்தார் என்னும் நீண்ட நிகழ்ச்சித் தொடரின் விளைவே அவை. இதனைத் தமிழ்ச் சூழலில் மிக முன்னதாகவே உணர்ந்து, தம் வாழ்நாள் முழுவதும் அதனோடு வழக்காடியவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் மறைந்த பிறகு அவருடைய எழுத்துக்கே அதே கதி நேர்ந்தது. ஆகவே அவருடைய வாழ்வை இருமுறை படிக்க வேண்டியிருக்கிறது: முதலில் அவர் கேட்ட கேள்வியாக, பின்னர் அக்கேள்விக்கான சான்றாக.

சமையற்கட்டிலிருந்து வந்த சுவடி

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் சென்னையில் பிறந்தவர் காத்தவராயன். தந்தையார் கந்தசாமி. பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியின் இல்லத்தில் பட்லராகப் பணிபுரிந்தவர். குடும்பம் பின்னர் நீலகிரிக்குச் சென்றது. காத்தவராயன் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் சித்த மருத்துவமும் கற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். தமக்குக் கற்பித்த வல்லக்காளத்தி வீ. அயோத்திதாசக் கவிராசப் பண்டிதரின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். பிற்காலத்தில் நாம் அறிந்த பெயர் இவ்வாறு ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வந்தது. பறையர் சமூகத்திற்குள் இப்படியொரு கல்வி மரபு, புலவர்களும் வைத்தியர்களும் சோதிடர்களும் கொண்ட மரபு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உயிரோடு இருந்தது என்பதற்கு அப்பெயரே சாட்சி.

கந்தப்பனைப் பற்றிய ஒரு செய்தியைப் பண்டிதர் பிற்காலத்தில் தம் இதழில் எழுதினார். கந்தப்பன் தம்மிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச்சுவடிகளைத் தம் எசமானராகிய ஆரிங்டனிடம் கொடுத்தார் என்பதும், அவை எல்லீசு துரையிடம் சேர்ந்தன என்பதும் அச்செய்தி. எல்லீசு என்று தமிழர் அழைக்கும் பிரான்சிசு வைட் எல்லிசு, 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றக் காரணமானவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதனைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே, 1816இல் எடுத்துரைத்தவர். குறளின் ஒரு பகுதிக்கு ஆங்கிலத்தில் உரையெழுதியவர். 1819இல் அவர் இறந்தார்.

குறளின் முதல் அச்சுப்பதிப்பு 1812இல் சென்னையில் வெளிவந்தது. அதன் முகப்பில் பதிப்பித்தவராகத் தஞ்சை ஞானப்பிரகாசனின் பெயர் இருக்கிறது. கந்தப்பனின் பெயர் இல்லை. கந்தப்பன் கொடையைப் பற்றிய எழுத்துச் சான்று அவருடைய பெயரன் எழுதியதே. ஒரு வழக்கறிஞர் இதனைக் குடும்பத்தார் வாய்மொழி என்று குறுக்கு விசாரணையில் தள்ளிவிட முயலலாம். ஆனால் ஒரு பட்லர் தம் துரையிடம் சுவடியைக் கொடுத்தபோது அதற்கு ரசீது எழுதித் தருபவர் யார்? அச்சுநூலின் முகப்பில் பெயர் பொறிப்பதற்குப் பணமும் புலமைத் தகுதிச் சான்றும் சபையில் நிற்கும் இடமும் வேண்டியிருந்த காலம் அது. இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் 1835இல்தான் நீங்கின. அதன்பின் அச்சுத்தொழில் எவர் கைக்குச் சென்றது என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புகளின் முகப்புப் பக்கங்களைப் புரட்டினாலே அறியலாம்.

பண்டிதரின் குறை, தம் பாட்டனாருக்கு நன்றி சொல்லவில்லை என்பதோடு நிற்கவில்லை. ஓலையில் இருந்ததற்கும் அச்சில் வந்ததற்கும் வேறுபாடுகள் புகுந்துவிட்டன என்றார். நூலோடு சேர்த்து அச்சிடப்பட்ட கதைகளைச் சுட்டினார். பகவன் என்னும் பார்ப்பனத் தந்தைக்கும் ஆதி என்னும் தாழ்ந்த குலத்துத் தாய்க்கும் வள்ளுவர் பிறந்தார் என்னும் கதையை அவர் கடுமையாக மறுத்தார். அறிவு எங்கே தோன்றினாலும் அதற்கொரு பார்ப்பனத் தந்தையைத் தேடித்தரும் வழக்கம் ஒரு கதையின் தவறன்று. அது ஒரு முறைமை என்று அவர் கண்டுகொண்டார். நூலைப் படிப்பதோடு, நூல் நம்மிடம் வந்து சேர்ந்த வழியையும் படிக்க வேண்டும் என்னும் அவருடைய பார்வை இங்கிருந்தே தொடங்குகிறது.

நீலகிரியில் எழுதப்பட்ட கோரிக்கைகள்

1870இல் நீலகிரியில் அத்வைதானந்த சபை என்னும் அமைப்பை அவர் நிறுவினார். அக்காலத்தில் அவர் வேதாந்த வழியில் நின்றவர். 1885இல் அருட்திரு ஜான் ரத்தினத்தோடு இணைந்து ‘திராவிடப் பாண்டியன்’ என்னும் இதழில் ஈடுபட்டார். 1891இல் திராவிட மகாஜன சபையை உருவாக்கினார். அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் நீலகிரியில் கூடிய சபையின் மாநாடு பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது.

அத்தீர்மானங்களைச் சட்டம் பயில்வோர் ஒருமுறையேனும் வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும். பறையர் என்னும் பெயரை இழிசொல்லாக வழங்குவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். இம்மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் அவற்றில் இம்மக்களிலிருந்தே ஆசிரியர்களும் உதவித்தொகையும் வேண்டும். படித்தவர்க்கு அரசுப் பணி வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் பிரதிநிதித்துவம் வேண்டும், அதற்கு வரி செலுத்தும் தகுதியை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது. சிறைச்சாலை விதிகளில் இம்மக்களை இழிதொழிலுக்கென ஒதுக்கும் விதி நீக்கப்பட வேண்டும். பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தடையின்றி நீரெடுக்கும் உரிமை வேண்டும். நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் நுழையவும் அமரவும் தடை கூடாது. கிராம அதிகாரப் பதவிகள் வேண்டும் என்று அவை செல்கின்றன.

இவற்றை இன்றைய சட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கும் பிரிவு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் தெளிவாக்கியது. பொது நீர்நிலைகளுக்கான உரிமை அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பில் இடம்பெற்றது. சிறை விதிகளில் சாதி அடிப்படையில் வேலை பிரித்துக் கொடுக்கும் முறை அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3ஆம் நாள். நீலகிரித் தீர்மானத்திற்கும் அத்தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 133 ஆண்டுகள் கழிந்துள்ளன.

இங்கேதான் அறிவின் வரலாறு நம் கழுத்தைப் பிடிக்கிறது. இவ்வுரிமைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், பெரும்பாலான பாடநூல்கள் காங்கிரசின் ஆலயப் பிரவேசத்தையும் அரசியல் நிர்ணய சபையையும் காட்டி நிறுத்திக்கொள்கின்றன. கேட்டவர்கள் மறைந்து கொடுத்தவர்கள் மட்டுமே நிற்கும் வரலாற்றில் உரிமை சலுகையாகத் தெரிவதில் வியப்பில்லை. கல்லூரி வளாகத்தில் இடஒதுக்கீட்டைச் சலுகை என்று ஒருவர் எளிதாகச் சொல்லிவிட முடிவதற்கும், 1891ஆம் ஆண்டின் தீர்மானங்கள் அவர் படித்த எந்தப் பாடத்திலும் இல்லாமற் போனதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1892இல் சென்னையில் கூடிய மகாஜன சபைக் கூட்டத்திற்கு நீலகிரியின் பிரதிநிதியாக அவர் சென்றார். அங்கு நடந்ததை அவரே பின்னர் பதிவு செய்திருக்கிறார். கோயில் நுழைவு குறித்து அவர் கேட்டபோது, உங்களுக்கென வேறு தெய்வங்கள் இருக்கின்றனவே என்னும் பொருளில் அவையினர் ஒருவர் மறுத்தார். அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா, எம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எம் மக்களுக்குத் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று அவர் கோரிக்கையைத் திருப்பினார். கோயில் கதவைத் தட்டுவதைவிடப் பள்ளியும் நிலமும் முதன்மை என்னும் இத்தெளிவு அவரைப் பிற்பாடு இன்னும் தொலைவுக்கு இட்டுச் சென்றது. அதே ஆண்டுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்கள் தம்மை இந்துக்கள் என்று பதிந்துகொள்ளாமல் சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிய வேண்டும் என அவர் வலியுறுத்தினார். அரசின் பதிவேட்டில் எழுதப்படும் ஒரு சொல் அடுத்த நூறாண்டு அறிவை நிர்ணயிக்கும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

1898: ஒரே ஆண்டில் இரு பௌத்தங்கள்

அந்நாளில் பௌத்தம் என்பது தமிழ்க் கல்வியுலகில் ஏறத்தாழ அற்றுப்போன அறிவு. உ.வே. சாமிநாதையர் ‘மணிமேகலை’யைப் பதிப்பிக்க முனைந்தபோது, அதிலுள்ள பௌத்தக் கொள்கைகளை விளக்கவல்ல தமிழ்ப் புலவர் எவரையும் காணாமல் இடர்ப்பட்டார், ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த நூல்களைப் படித்த ரங்காசாரியார் துணைபுரிந்த பிறகே அப்பணி முடிந்தது. அப்பதிப்பு 1898இல் வெளிவந்தது. தமிழில் எழுந்த ஒரு பௌத்தக் காப்பியத்தை விளக்க ஐரோப்பியர் எழுதிய நூல்கள் வேண்டியிருந்தன என்பது, இடைப்பட்ட நூற்றாண்டுகளில் எந்த மரபுகள் மடங்களிலும் பாடசாலைகளிலும் பேணப்பட்டன, எவை கைவிடப்பட்டன என்பதற்குப் போதுமான சான்று.

அதே 1898இல் அயோத்திதாசர் பௌத்தத்திற்கு வந்தார். அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த கர்னல் ஆல்காட், 1894 முதல் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிகளை நடத்திவந்தார். பண்டிதரும் பள்ளி ஆசிரியர் கிருட்டினசாமியாரும் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினர். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கப்பட்டது. கோலார் தங்கவயலின் மாரிகுப்பம், பெங்களூர், திருப்பத்தூர் எனவும், கடல்கடந்து இரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் எனவும் அதன் கிளைகள் பரவின. சுரங்கத்திலும் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைக்கச் சென்ற தமிழர்களே அக்கிளைகளின் உயிர்.

பண்டிதரின் கோட்பாடு இரு வழிகளிலும் தனித்து நின்றது. ஐரோப்பிய அறிஞர்கள் பாலி நூல்களிலும் அகழாய்விலும் பௌத்தத்தைத் தேடினர். தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் காப்பியங்களில் தேடினர். அவரோ, பௌத்தம் சேரிகளில் உயிரோடிருக்கிறது என்றார். தீண்டப்படாதவர் எனத் தள்ளப்பட்டோர் முன்னாளில் சாதியற்ற பௌத்தர்களாக வாழ்ந்தவர்கள். வேடமிட்டு வந்தவர்களின் சூழ்ச்சியை வெளிப்படையாகப் பறைந்ததால், அதாவது எடுத்துச் சொன்னதால், பறையர் எனப் பழிக்கப்பட்டனர் என்பது அவர் விளக்கம். விழாக்கள், சடங்குகள், வீட்டு வழக்கங்கள், மருத்துவக் குறிப்புகள், நிகண்டுகள் ஆகியவற்றை அவர் சான்றாக எடுத்தார். நூலகத்தில் இடம் மறுக்கப்பட்டவர்களின் நூலகம் அவர்களுடைய வழக்காற்றில் இருக்கிறது என்பதே அவர் முறையின் அடிப்படை.

பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1948இல், தீண்டாமையின் தோற்றம் பற்றி எழுதிய அம்பேத்கரும் தீண்டப்படாதோர் முன்னாள் பௌத்தர் என்னும் முடிவுக்கு வந்தார். அதே ஆண்டில், சென்னைப் பௌத்த இயக்கத்தின் முன்னோடியாகிய பேராசிரியர் லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலை முன்னுரையோடு மறுபடியும் வெளியிட்டார். லட்சுமி நரசு பண்டிதரோடு ஒரே காலத்தில் சென்னையில் பௌத்தப் பணி செய்தவர். தெற்கே ஓடிய இந்நீரோட்டத்தைக் கணக்கில் எடுக்காமல் 1956ஆம் ஆண்டின் தீக்ஷாபூமியை மட்டும் பேசுவது, ஆற்றின் கழிமுகத்தைப் பார்த்துவிட்டு மலையைப் பார்க்காமல் வருவதைப் போன்றது.

காலணா இதழ்

1907 சூன் 19, புதன்கிழமை. இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை காலணா. மறு ஆண்டில் அதன் பெயர் ‘தமிழன்’ ஆயிற்று. பெயர் சுருங்கியதே அன்றி நோக்கம் சுருங்கவில்லை. அரசியல் செய்தி, விளைச்சல் நிலை, மருத்துவக் குறிப்பு, வாசகர் வினாக்களுக்கு விடை, தொடர்ந்து வரும் நீண்ட ஆய்வுரைகள் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற்றன. ‘இந்திரர் தேச சரித்திரம்’, புத்தரின் வாழ்வைக் கூறும் ‘ஆதிவேதம்’, திருக்குறளுக்கும் ஔவையின் நூல்களுக்கும் எழுதிய உரைகள் ஆகியவை அவருடைய எழுத்துப்பணியின் தூண்கள். குறளுரை முற்றுப்பெறுமுன்னரே அவர் காலம் முடிந்தது.

சுதேசி இயக்கம் ஓங்கி நின்ற ஆண்டுகள் அவை. சுதேசம் பேசுவோர் தம் தெருவில் சக மனிதனை நடக்கவிடாதது ஏன் என்று அவர் வாரந்தோறும் கேட்டார். அடகுக் கடையில் வைத்த நிலத்தைப் பேசாமல், அந்நியத் துணியை மட்டும் பேசுவோரின் முன்னுரிமைகளைத் தோலுரித்தார். இதனால் தேசியப் பத்திரிகைகள் அவரைப் பொருட்படுத்தாமல் ஒதுக்கின. ஆனால் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் அவ்விதழை வாங்கினர். எழுதப் படிக்கத் தெரிந்தவர் வாசிக்கப் பிறர் கேட்டனர். காலணா விலைக்கு ஓர் அறிவுத்துறை இவ்வாறு உருவாயிற்று.

நந்தன் வரலாற்றை அவர் கையாண்ட விதம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் ஓர் அடியில் பெயரளவில் வருகிறார். நம்பியாண்டார் நம்பி அவருக்கு ஊரையும் குலத்தையும் சேர்த்து ஒரு பாடலாக்கினார். சேக்கிழார் அதனைப் பல பாடல்கள் கொண்ட வரலாறாக விரித்து, தீயில் மூழ்கி முனிவர் கோலத்தில் எழுந்ததையும் பாடினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கொடிய பார்ப்பனப் பண்ணையார் ஒருவரைப் படைத்துக் கதைக்குள் நுழைத்தார். பின்னர் அது மேடைக்கும் திரைக்கும் சென்றது. இன்று நந்தன் என்றதும் நம் நினைவில் எழுவது இவ்வடுக்குகளின் மேல் அடுக்கே. பண்டிதர் இவ்வடுக்குகளை மறுத்து, நந்தன் அடிமையல்லன், சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட பௌத்த அரசன் என்று எழுதினார். அவருடைய முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் கதை என்பது ஒரே நாளில் எழுந்ததன்று, ஒவ்வொரு காலமும் தன் தேவைக்கேற்ப அதில் ஒரு சுவரைக் கட்டியது என்று காட்டியதில் அவர் முறை இன்றும் செல்லும்.

எண்பத்தைந்து ஆண்டுகள்

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவருடைய மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ‘தமிழனை’ மீண்டும் நடத்தினார். மாரிகுப்பத்தின் சித்தார்த்தா புத்தகசாலை அவருடைய நூல்களைச் சிறு வெளியீடுகளாக அச்சிட்டுவந்தது. அதற்கப்பால் ஒரு நீண்ட மௌனம். தமிழ் இதழியல் வரலாறுகள், தமிழ் உரைநடை வரலாறுகள், தேசிய இயக்க வரலாறுகள், பகுத்தறிவு இயக்க வரலாறுகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை அவரைக் கண்டும் காணாமல் கடந்தன. ஏழாண்டுகள் வாரந்தோறும் வெளிவந்த ஓர் இதழ் ஆய்வாளர் கண்ணில் படாமற் போனது எப்படி?

அவ்விதழின் தொகுதிகளைப் பல்கலைக்கழகம் காக்கவில்லை, தனிமனிதர்கள் காத்தனர். அன்பு பொன்னோவியம் சேகரித்துப் பேணிய ‘தமிழன்’ தொகுதிகள் இல்லையேல் இன்று அயோத்திதாசர் ஆய்வு என்னும் ஒரு துறையே இல்லை. திருப்பத்தூரின் தி.பெ. கமலநாதன் 1980களில் இவ்வரலாற்றை நூலாக எழுதி, விட்டுப்போனவற்றைச் சுட்டினார். பின்னர் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழி இரு தொகுதிகளாக வெளிவந்தது. மூன்றாம் தொகுதி 2003இல் வந்தது. அதற்குப் பிறகே ராஜ் கௌதமன், ஸ்டாலின் ராஜாங்கம், டி. தருமராஜ் முதலியோரின் ஆய்வுகள் வளர்ந்தன. மறைவுக்கும் மறுபதிப்புக்கும் இடையே 85 ஆண்டுகள். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி எழுந்த தலித் எழுச்சி இல்லையேல் அவ்விடைவெளி இன்னும் நீண்டிருக்கும். ஆவணம் தானாகப் பேசுவதில்லை. கேட்பதற்கு ஓர் இயக்கம் வேண்டும்.

மீட்டெடுத்தவர்கள் அவரைக் குறையற்றவராக்க முற்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராஜ் கௌதமன் உள்ளிட்டோர் சுட்டியதுபோல், தாழ்த்தப்பட்டோர் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தோர் வேறு என்று அவர் பிரித்தார். அருந்ததியர், குறவர் உள்ளிட்ட சமூகத்தாரைப் பின்னதில் வைத்தார். இது அவருடைய சாதியொழிப்புக் கொள்கைக்கே எதிரான பிரிவினை. ஆங்கிலேய ஆட்சியின் மீது அவர் வைத்த நம்பிக்கை, அவ்வாட்சி நிலவுடைமைச் சாதிகளோடு கொண்ட உறவைப் போதிய அளவு காணவில்லை. அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றை மொழியியல் ஏற்காது. தம் மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் பெயரிலேயே இதழ் நடத்தி அப்பெயரை எதிர்ப்பின் பெயராக்கியபோது, பண்டிதர் அதனை ஏற்கவில்லை. இரு வழிகளுக்கும் இடையேயான அவ்விவாதம் இன்றுவரை முடியவில்லை. பிறர் அறிவு எந்தச் சூழலில் உருவாயிற்று என்று கேட்டவரை அதே கேள்வியால் அளப்பதே அவருக்குச் செய்யும் நேர்மை. அவரும் தம் காலத்தின், தம் சமூக இடத்தின் விளைவே.

பெயர்ப்பலகையும் பாடத்திட்டமும்

2005இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 2023இல் கிண்டியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது; அவ்வாண்டே ஆதிதிராவிடர் பழங்குடியினர் குடியிருப்புகளின் மேம்பாட்டுக்கென ஐந்தாண்டுகளில் 1000 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்ட திட்டத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இவை வேண்டியவையே. போராடிப் பெற்ற அறிந்தேற்பை இகழ வேண்டியதில்லை.

ஆயினும் பெயர்ப்பலகை வேறு, அறிவாக ஏற்பது வேறு. சித்த மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. மருத்துவர்களாகச் சேரிகளில் வாழ்ந்த குடும்பங்களின் கைச்சுவடிகள் எங்கே போயின என்னும் வரலாறு எழுதப்பட்டாக வேண்டும். குறளை அச்சேற்றிய வரலாறு பாடமாகிறது; கந்தப்பன் குறித்த சாட்சியத்தை அதன் ஒரு பகுதியாக வைத்து விவாதிக்க வேண்டும். அரசியலமைப்பு வரலாறு கற்பிக்கப்படுகிறது. 1891ஆம் ஆண்டின் பத்துத் தீர்மானங்களையும் அதன் மூல ஆவணங்களுள் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். நினைவிடத்தில் வைத்து வணங்கப்படும் ஒருவரை வகுப்பறையில் வைத்து வாதிடத் தயங்கும் கல்விமுறை, அவரை இன்னொரு விதத்தில் வெளியே நிறுத்துகிறது.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் பருகும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. பொது நீருக்கான உரிமை கேட்டு 1891இல் எழுதப்பட்ட தீர்மானத்தை அருகில் வைத்துப் பார்த்தால், அதனைத் தனித்த ஒரு சம்பவம் என்று எவரும் கடந்துவிட முடியாது. வரலாறு தெரியாத இடத்தில் ஒவ்வொரு வன்கொடுமையும் புதிதாக, தற்செயலாக, உள்ளூர்ப் பூசலாகத் தோன்றும். தொடர்ச்சியை நிறுவுவதே வழக்கின் பாதி. அத்தொடர்ச்சியை நிறுவும் ஆவணங்கள் நம் வீடுகளில், ஊர்ச் சங்கங்களின் பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடுகளில், மூத்தோரின் பெட்டிகளில், அச்சு நின்றுபோன சிற்றிதழ்களில் இன்னும் கிடக்கின்றன. கறையான் அரிப்பதற்கு முன் அவற்றைத் தேடி எடுத்து, நாள் குறித்து, நகலெடுத்து, பலர் கையில் சேர்க்கும் பணி மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் உரியது. முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் நீதிமன்றத்திலோ பல்கலைக்கழகத்திலோ நின்று, இந்த ஆவணம் எவர் பாதுகாப்பில் இருந்தது என்று கேட்கப்படும்போது, எம்முடைய பாதுகாப்பில்தான் என்று சொல்லத்தக்க நிலையை இன்றே உருவாக்க வேண்டும்.